நெய்வேலியில் ஒரு குவார்ட்டர்ஸ், ஆறு இன்ச்சில் ஒரு அலமாரி

சென்னையிலிருந்து கும்பகோணம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால், சீசன் நேரத்தில் பண்ருட்டி பலாப்பழ வாசனை ஜன்னல் வழியாக உள்ளே வரும். அடுத்தது நம்ம ஸ்டாப்பிங்... நெய்வேலி ஆர்ச் கேட்! டவுன்ஷிப்புக்குள் நுழைந்ததும் ‘இது தமிழ்நாடுதானா?’ என்று ஒரு டவுட் வரும். ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி ரோடு, ரெண்டு பக்கமும் மரம், அட்ரஸ் கேட்டால் ‘வட்டம்’ நம்பர். 1956-ல் தொடங்கிய கம்பெனி, 1961-ல் பூமிக்கடியிலிருந்து பழுப்பு நிலக்கரியை எடுத்தது, 1962-ல் அதை எரித்து கரன்ட் எடுத்தது. கம்பெனியே ஊர், ஊரே கம்பெனி.

அதனால் இங்கே ஒரு ரூல். ரிட்டயர் ஆனால் குவார்ட்டர்ஸைக் காலி பண்ண வேண்டும். (சிரிக்காதீங்க பாஸ், வீட்டைச் சொல்றேன்!)

முதல் யூனிட் ஓடிய அந்தப் பழைய அனல்மின் நிலையமே 2020-ல் ரிட்டயர் ஆகிவிட்டது. அப்புறம் எங்க பெரியப்பா எம்மாத்திரம்? சென்னையில் அண்ணனின் டபுள் பெட்ரூம் ஃபிளாட்டுக்குப் போகிறார். மூட்டை கட்ட என்னைக் கூப்பிட்டார். கட்டில், பீரோ, மிக்ஸியெல்லாம் அரை நாளில் முடிந்தது. மாட்டிக்கொண்டது புத்தகத்தில்தான்.

1998-ல் என்.எல்.சி. இங்கே புத்தகக் கண்காட்சியை ஆரம்பித்தது. ஜூலை வந்தால் பதினோராவது வட்டம் லிக்னைட் ஹால் வளாகத்தில் ஸ்டால்கள் முளைத்துவிடும். பெரியப்பா ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்கு வராமல் அப்படியே அங்கே போவார். பத்து சதவீதத் தள்ளுபடியில் மிச்சமான காசுக்கும் இன்னொரு புத்தகம் வாங்குவார். முதல் பக்கத்தில் பேர் எழுதி, கீழே ‘ஜூலை 2003, ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்’ என்று குறித்து வைப்பார். இப்படியே ஒரு ரூம் நிறைய சேர்ந்துவிட்டது. ஃபிளாட்டில் ஒரு அலமாரிக்குத்தான் இடமாம்.

என் பையில் ஒரு பழைய கிண்டில் இருந்தது. பிளேஸ்மென்ட் ஆகிப் போன சீனியர் கொடுத்தது. எடுத்து நீட்டினேன். ‘புத்தக வாசனை இதுல வருமா?’ என்ற டயலாக்குக்குத் தயாராகத்தான் இருந்தேன். ம்ஹூம், முப்பது வருஷம் கரன்ட் தயாரித்த மனுஷர் கேட்ட முதல் கேள்வி, “கரன்ட் போச்சுன்னா?”

“இது மின்மை பெரியப்பா. திரைக்குள்ள கண்ணுக்குத் தெரியாத குமிழ்கள்ல கறுப்புத் துகளும் வெள்ளைத் துகளும் இருக்கும். பக்கம் திருப்பும்போதுதான் கரன்ட் வேணும். நின்ன எழுத்து அப்படியே நிக்கும். ஒரு தடவை சார்ஜ் போட்டா வாரக்கணக்குல வரும்.”

அந்த இடத்தில் மனுஷர் விழுந்துவிட்டார். எழுத்தைப் பெரிசாக்கிக் காட்டியதும் கண்ணாடியையே கழற்றிவிட்டார்!

முதலில் ஏற்றிக் கொடுத்தது திருவருட்பா, மதுரைத் திட்டத்தில் இறக்கியது. அதுவும் 1998-ல், பொங்கலன்று பிறந்ததுதான். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வேதியியல் விஞ்ஞானியாக இருந்த கல்யாணசுந்தரம் தொடங்கிவைக்க, பல நாட்டுத் தமிழர்கள் வேலை நேரம் போக உட்கார்ந்து பழைய நூல்களைத் தட்டச்சு செய்தார்கள். முதலில் ஏறியது திருக்குறள். எல்லாமே இலவசம். இங்கிருந்து டவுன் பஸ் தூரத்தில் இருக்கும் வடலூர் வள்ளலார், உலகத்தைச் சுற்றிவிட்டு நெய்வேலிக்கு வந்திருக்கிறார்!

எல்லாமே இப்படி ஸ்மூத்தாகப் போகவில்லை. தமிழ் மின்னூலகத்தில் ஒரு பழைய பதிப்பைக் கண்டுபிடித்துக் குஷியானார். அது ஸ்கேன் செய்த படம். ஆறு இன்ச் திரையில் எறும்பு ஊர்ந்த மாதிரி தெரிந்தது. படத்தில் எழுத்தை மட்டும் பெரிசாக்க முடியாதே. அந்த மாதிரிப் புத்தகத்துக்கு லேப்டாப்தான் சரி.

அடுத்து, காசு கொடுத்து ஒரு நாவல் வாங்கலாம் என்றார்.

“முடிச்சிட்டு இதைப் பக்கத்து வீட்டுப் பொண்ணுக்குக் கொடுக்கலாமாடா?”

“முடியாது பெரியப்பா. படிக்கிற உரிமை மட்டும்தான் நமக்கு. புத்தகம் கடைக்காரன் கணக்குல இருக்கும்.”

“அப்ப இதுவும் குவார்ட்டர்ஸா?”

கப்சிப் ஆகிவிட்டேன். 2009 ஜூலையில் அமேசான், விற்ற கம்பெனிக்கு உரிமை இல்லையென்று, ஆர்வெல்லின் ‘1984’ நாவலை வாங்கினவர்களின் கிண்டிலிலிருந்து சத்தமில்லாமல் அழித்தது. காசைத் திருப்பிக் கொடுத்தது, மன்னிப்பும் கேட்டது. ஆனாலும் பூட்டின வீட்டுக்குள் வந்து எடுத்தது எடுத்ததுதானே? மதுரைத் திட்டம், ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் மாதிரி இடங்களில் இறக்கினால் இந்தத் தொல்லை இல்லை. ஃபைல் நம்மிடம். யாருக்கும் காப்பி கொடுக்கலாம். இதைச் சொன்னதும்தான் பெரியப்பா முகம் தெளிந்தது.

அன்று ராத்திரி முழுக்கப் பிரித்து அடுக்கினோம். இலவசமாக இறக்கிக்கொள்ளக் கூடிய பழைய இலக்கியம், பாரதி இதெல்லாம் மெஷினுக்கு. திரும்ப அச்சில் வராதவையும், எழுத்தாளர்களிடம் கையெழுத்து வாங்கினவையும் லாரிக்கு. கண்காட்சியில் வாங்கின மற்ற நாவல்கள் நாலு அட்டைப்பெட்டி நிறைய பக்கத்து வீட்டுக்கு. ஒவ்வொன்றையும் போடும் முன்னால் முதல் பக்கத்தைப் பார்த்துக்கொண்டார். அதற்குத்தான் விடிந்துவிட்டது.

காலையில் ப்ளஸ் டூ படிக்கும் அந்தப் பொண்ணு வந்தாள். மேலே இருந்த ஒன்றைப் பிரித்துப் பார்த்துவிட்டு, “மாமா, உங்க பேரை அடிச்சிட்டு என் பேரை எழுதிக்கவா?” என்றாள்.

“அடிக்காதம்மா. கீழ எழுதிக்கோ” என்றார் பெரியப்பா.