தபால் நிற்கும் நாட்கள்

ஸ்கந்தபுரத்தில் மிளகாய்த்தூள், ஒடியல் மா, பனையோலைப் பெட்டி என்று வீட்டிலிருந்தே செய்து, கைபேசி வழியாக விற்கும் பெண்கள் இருக்கிறார்கள். வாங்குபவர் கொழும்பில் இருந்தாலும் மட்டக்களப்பில் இருந்தாலும், பொதியைக் குறைந்த செலவில் கொண்டுபோய்ச் சேர்ப்பது தபால்தான்.

அந்தத் தபாலும் சில வேளை நிற்கும். 2018 ஜூனில் இரண்டு கிழமைக்கு மேல் நின்றது. 2025 ஓகஸ்ட் 17இல் தொடங்கிய வேலைநிறுத்தம் ஒரு கிழமை நீடித்தது. மேலதிக நேரக் கொடுப்பனவும் கைவிரல் அடையாளப் பதிவும் அப்போது பிரச்சினையாக இருந்தன. தபால் ஊழியரும் உழைத்து வாழ்பவர்கள்தான். அவர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை.

ஆனால், பொதி கிடைத்த பின் காசு என்ற முறையில் அனுப்பினால், பொதியோடு காசும் நின்றுவிடும். கிழமைக் கடன் தவணை மட்டும் நிற்காது.

எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர், கணவரை இன்னும் தேடிக்கொண்டிருப்பவர். வேலைநிறுத்த அறிவித்தல் வந்ததும் வாங்குபவர்கள் எல்லோருக்கும் அழைப்பெடுத்து உள்ளதைச் சொன்னார். இரண்டு பேர் வேண்டாமென்றார்கள். மற்றவர்கள் காத்திருந்தார்கள். பழுதாகும் பலகாரங்களுக்கு அந்தக் கிழமை ஓடர் எடுக்கவில்லை. அவசரப் பொதிகளைக் கிளிநொச்சியில் தனியார் கூரியரில் கொடுத்தார். கூடுதல் செலவை முன்கூட்டியே பேசிக்கொண்டார்.

சகோதரிகளே, பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். முடிந்தால் ஒரு தவணைக் காசைத் தனியே வையுங்கள். சொல் தவறாதவரிடம் வாங்கியவர் திரும்பவும் வருவார்.