வாடிப்பட்டித் தொகுப்பில் ஒரு கல்வீரை

ஆனி

சிறுமலை அடிவாரத்துப் புஞ்சை வரப்பில் நின்ற முதிய கல்வீரை வேரோடு அகற்றப்பட்டதால், அதன் விதையிலிருந்து எழுந்து வாடிப்பட்டித் தோட்டத் தொகுப்பில் நிற்கும் இளமரத்தின் நிலையைக் குறித்துவைப்பது கட்டாயமாயிற்று. கல்வீரை, உலர் பசுமைமாறாக் காட்டுக்கு உரியது. ஆண்டின் பல மாதங்கள் மழையின்றிக் கழிந்தாலும், வடகிழக்குப் பருவமழையைப் பெரிதும் நம்பி, தடித்த தோல்போன்ற இலைகளால் நீரிழப்பைக் குறைத்துக்கொண்டு பசுமை மாறாதிருக்கும் குறுமரங்களும் புதர்களும் அடர்ந்த காடு அப்பெயர் பெறும். இலங்கையின் வறண்ட பகுதிக் காடுகளில் பாலையும், வீரை எனப்படும் இதே கல்வீரையும் முதன்மை மரங்களாக உள்ளன.

ஆவணி

இலைகள் மஞ்சளித்துள்ளன. 1895-இல் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையின் நீர், வைகை வழியே வந்து பேரணையில் கால்வாயாகப் பிரிந்து இப்பகுதி வயல்களுக்குப் பாய்கிறது. நெல்லுக்கு உயிரான அந்நீரின் கசிவு இம்மரத்தின் வேரை அழுகச் செய்துவிடுமோ என்ற அச்சம் தோட்டப் பொறுப்பாளரை விடவில்லை. ஆடு மேய்க்க வந்த பெரியவர், “கரட்டுல இதுக்கு யாருய்யா தண்ணி ஊத்துனா?” என்று கேட்டுவிட்டு நடந்தார். மரத்தைச் சுற்றி வடிகால் வெட்டப்பட்டது.

ஐப்பசி

அடைமழை, வடிகாலில் நீர் தேங்கவில்லை.

பங்குனி

கருஞ்சிவப்புத் துளிர்களும், இலைக்கக்கங்களில் முதல் பூக்களும் தோன்றியுள்ளன. மகிழ்ச்சி மாலைவரை நீடித்தது. உருப்பெருக்கியில் பார்த்தபோது எல்லாப் பூக்களிலும் மகரந்தத்தாள்களே இருந்தன, சூலகம் இல்லை. மத்தியதரைக் கடலோரப் புதர்க்காடுகளின் பசுமைமாறா ஓக் ஒரே மரத்தில் இருபால் பூக்களையும் தாங்குவது. கல்வீரையிலோ ஆண்மரம் வேறு, பெண்மரம் வேறு. இனத்துக்கு ஒன்றாக நட்டுப் பெயர்ப்பலகை பொருத்தும் வழக்கத்தால், இத்தொகுப்பில் இதற்குத் துணைமரம் இல்லை.

சித்திரை

2025-இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட காசம்பட்டி வீரகோயில் காடு, திண்டுக்கல் மாவட்டத்தில் 4.97 ஹெக்டேர் பரப்பே கொண்டது. ஆயினும் அத்தகைய கோயில்காட்டில் ஓரினத்து மரங்கள் பல ஒருங்கே வளர்வதால் விதையும் கன்றும் தொடர்கின்றன. தனிமரத் தொகுப்பு மாதிரிகளைக் காட்டுமேயன்றி மரபைக் காப்பதில்லை.

வைகாசி

பெண்மரம் இன்னும் கிடைக்கவில்லை. வரப்பிலோ கண்மாய்க்கரையிலோ கல்வீரை நிற்கக் காண்போர், அதிலும் ஒற்றை விதையுடைய சிவந்த பழம் தாங்கும் மரத்தைக் காண்போர், அதை வெட்டவிடாமல் காக்க வேண்டும்.