ஓடுவதற்கு முன்

அக்காவின் மகன் ராணுவத் தேர்வுக்கு ஐந்து வாரம் இருக்கும்போது காதுக் குறும்பியை எடுத்துவிட்டு வந்தான். அதற்கு முந்தின வாரம் பல் டாக்டரிடம் போய்க் காரையைச் சுரண்டிக்கொண்டிருந்தான். காதில் அழுக்கு அடைத்திருந்தால் மருத்துவப் பரிசோதனையில் நிறுத்திவிடுவார்களாம். பல்லுக்குப் புள்ளிக்கணக்கு உண்டு, 14 புள்ளி தேற வேண்டும். முட்டிகள் ஒன்றோடொன்று இடிக்கின்றனவா என்று கண்ணாடி முன் நின்று அவனே பார்த்துக்கொண்டான். ஈரக்காலைத் தரையில் வைத்து, பாதம் தட்டையில்லை என்று திருப்திப்பட்டான். ஆடு மாடு வாங்குகிறவன் பார்க்கிற அத்தனையையும் தன்னிடம் தானே பார்த்துக்கொண்ட அவனுக்கு, உள்ளே இருப்பதைப் பற்றி ஒரு நினைப்பும் இல்லை. எனக்கும் இருக்கவில்லை.

ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டினான். "மாமா, இதை முத்திரைத்தாள்ல அடிச்சு நோட்டரிகிட்டக் கையெழுத்து வாங்கணும்." இழப்பீட்டுறுதிப் பத்திரம். தேர்வில் கலந்துகொள்வது என் சொந்தப் பொறுப்பில். அப்போது காயமோ மரணமோ ஏற்பட்டால் அரசிடம் எதுவும் கோரமாட்டேன் என்கிற மாதிரியான வாசகம். பாங்கில் இந்த ஜாதிப் பத்திரங்களைப் பார்த்துப் பார்த்துக் கண் மரத்துப்போனவன் நான். டெபாசிட் ரசீது தொலைந்தால் ஒன்று, டெபாசிட் போட்டவர் இறந்தால் ஒன்று. அவற்றில் மரணம் ஏற்கெனவே நடந்து முடிந்திருக்கும். இதில் மரணம் எதிர்காலத்தில், ஒரு மைதானத்தில், 20 வயதுப் பையனுக்காக நின்றுகொண்டிருந்தது. இரண்டு முறை படித்தேன். பிறகுதான் மற்ற காகிதங்களை வாங்கி வரிசையைப் பார்த்தேன்.

வரிசை இதுதான். 2023இல் அக்னிவீர் தேர்வுக்கு முதலில் கம்ப்யூட்டரில் எழுத்துத் தேர்வு. அதில் தேறினவர்கள் மைதானத்துக்கு வர வேண்டும். அங்கே உயரக் கம்பம், நம் பக்கத்துக்கு 166 சென்டிமீட்டர். பிறகு 1600 மீட்டர் ஓட்டம். 5 நிமிஷம் 30 வினாடிக்குள் வந்தால் 60 மதிப்பெண், அடுத்த 15 வினாடிக்குள் வந்தால் 48, அதற்கும் பிந்தினால் வீடு. ஓடி முடித்தவன் கம்பியில் தொங்கிக் குறைந்தது ஆறு முறை உடம்பைத் தூக்க வேண்டும், ஒன்பதடிப் பள்ளத்தைத் தாண்ட வேண்டும். டாக்டர் இவ்வளவுக்கும் அப்புறம்தான் வருகிறார். அதாவது ஸ்டெதாஸ்கோப் வைக்கப்படுவது, ஓடியும் பிழைத்த நெஞ்சின் மேல்.

இதில் ஒரு நியாயம் இல்லாமல் இல்லை. ஆயிரக்கணக்கில் வரும் பையன்களை முதலில் டாக்டர்கள் பார்ப்பது என்றால் ஒரு முகாம் முடிய மாசக்கணக்காகும். ஓட்டம் மலிவான சல்லடை. ஆனால் மலிவு யாருக்கு என்ற கேள்வியைப் பத்திரம் முன்கூட்டியே தீர்த்துவைத்துவிடுகிறது. ஜார்க்கண்டில் 2024 ஆகஸ்டில் கலால் காவலர் வேலைக்கு 60 நிமிஷத்தில் 10 கிலோமீட்டர் ஓடச் சொன்னார்கள். சில நாட்களில் பத்துப் பேருக்கு மேல் இறந்தார்கள். பிறகு ஓட்டத்தை நிறுத்திவைத்தார்கள், தூரத்தைக் குறைத்தார்கள்.

அமெரிக்க ராணுவங்களில் புதிதாகச் சேர்ந்தவர்கள் காயமின்றித் திடீரென்று இறந்ததைப் பற்றி 2004இல் ஒரு கணக்கு வெளியாயிற்று. 1977 முதல் 2001 வரை 25 வருஷம், 63 லட்சம் பேர். அப்படி இறந்தவர்கள் 126. இதில் 108 சாவு உடற்பயிற்சியோடு சம்பந்தப்பட்டது. பாதிப்பேருக்கு இருதயத்தில் பிறவிக் குறையோ வேறு கோளாறோ பிரேதப் பரிசோதனையில் தெரிந்தது. மூன்றில் ஒரு பங்குக்கு மேல், அறுத்துப் பார்த்தும் காரணம் அகப்படவில்லை. இவர்கள் எல்லோரும் சேரும்போது மருத்துவப் பரிசோதனையில் தேறினவர்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். 63 லட்சத்தில் 126 என்றால் அபூர்வம்தான். ஆனால் அபூர்வம் என்ற சொல் ஒரு வீட்டுக்குள் நுழைந்துவிட்டால் அதற்கு அர்த்தமில்லை.

அவனை இருதய டாக்டரிடம் கூட்டிப்போனேன். "எதுக்கு மாமா, சொத்தையா நான்?" என்றான். அக்காவும் கூட வந்தாள். டாக்டர் நல்ல மனுஷர், அவசரப்படாதவர். ஓடும்போது நெஞ்சு வலித்ததுண்டா, மயக்கம் வந்ததுண்டா, டாக்டர் யாராவது ஓடக்கூடாது என்று சொன்னதுண்டா என்று கேட்டார். இந்த மாதிரிக் கேள்விகளை ஏழாகத் திரட்டி 1970களில் கனடாவில் ஒரு படிவம் செய்தார்கள். உடற்பயிற்சிக்கு முன் உலகம் முழுக்க இன்று கேட்கப்படுவதெல்லாம் அநேகமாக அதன் வாரிசுகள். அமெரிக்கக் கடற்படையில் ஒவ்வொரு உடல்தகுதித் தேர்வுக்கு முன்பும் ஒரு கேள்வித்தாளை நிரப்ப வேண்டும். பையன் எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை என்றான். கடைசியாக டாக்டர் அக்காவைப் பார்த்து, "குடும்பத்துல யாராச்சும் ஐம்பது வயசுக்கு முன்னாடி திடீர்னு இறந்திருக்காங்களா?" என்று கேட்டார்.

"அப்படி யாரும் இல்லைங்க" என்றாள் அக்கா.

அவள் பொய் சொல்லவில்லை. 1998இல் அத்தானுடைய தம்பி அறுத்துக்கொண்டு ஓடிய காளையைத் துரத்திப்போய், உச்சிவேளையில், முனியப்பன் கோயில் வேம்புக்குப் பக்கத்தில் விழுந்தான். 22 வயது. தூக்குவதற்குள் போய்விட்டது. முனி அடித்துவிட்டது என்றார்கள். டாக்டர் பார்க்கவில்லை, அறுக்கவில்லை, அன்று சாயங்காலமே எரித்துவிட்டார்கள். வருஷா வருஷம் கறுப்புக்கிடா வெட்டுகிறார்கள். முனி அடித்துச் செத்தவன் திடீரென்று இறந்தவன் ஆகமாட்டான். அவன் சாவுக்குக் காரணம் இருக்கிறது, நேரம் இருக்கிறது, இடம் இருக்கிறது, பரிகாரம்கூட இருக்கிறது. டாக்டர் கேட்டது காரணமில்லாத சாவைப் பற்றி. எங்கள் வீடுகளில் காரணமில்லாத சாவே கிடையாது.

மொழிக்கும் அனுபவத்துக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி பற்றி நானும் சிறுபத்திரிகைகளில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். பெரும்பாலும் கவிதைகளை முன்வைத்து. அந்த இடைவெளி டாக்டரின் மேஜைக்கு இந்தப் பக்கம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், முந்தானையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தபோது, எழுதினதையெல்லாம் நினைத்துக் கூச்சமாக இருந்தது.

நான் சொன்னேன். சித்தப்பா ஓடும்போது விழுந்தார் என்று மட்டும். முனியைப் பிரஸ்தாபிக்கவில்லை. அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை என்னால் விவரிக்க முடியாது.

டாக்டர் பேனாவை வைத்துவிட்டார். இருதயத் தசை தடித்துப்போகிற ஒரு வியாதி உண்டு, 500 பேரில் ஒருவருக்கு இருக்கலாம், பெற்றோரில் ஒருவரிடம் இருந்தால் பிள்ளைக்கு வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றார். நம் பக்கத்து ரத்தத்திலும் இதன் உறவு ஒன்று இருப்பதைப் பின்னால் படித்தேன். இருதயத் தசைப் புரதம் ஒன்றின் மரபணுவில் ஒரு சின்னத் துண்டு விடுபட்டிருப்பது இந்தியத் துணைக்கண்டத்தில் 100க்கு 4 பேரிடம் காணப்படுகிறது, அது வயதான பிறகு இருதயத்தைப் பலவீனப்படுத்தக்கூடும் என்று 2009இல் 'நேச்சர் ஜெனிடிக்ஸ்' இதழில் வெளியிட்டவர்களில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்களும் உண்டு.

எக்கோ எடுத்தார்கள். இருதயத்தின் நடுச்சுவர் 14 மில்லிமீட்டர். 12க்குள் இருக்க வேண்டியது. 13லிருந்து 15 வரை ஒன்றும் தீர்மானமாகச் சொல்ல முடியாத பிரதேசம். வியாதியாகவும் இருக்கலாம், மூன்று வருஷமாக விடிகாலையில் ஓடி ஓடி வலுத்ததாகவும் இருக்கலாம். இரண்டையும் பிரித்தறிய ஒரு வழி ஓட்டத்தை மூன்று மாசம் நிறுத்திவிட்டு மறுபடி அளப்பது. ஓடி வளர்ந்த சுவர் என்றால் இளைக்கும். வியாதி இளைக்காது.

"சித்தப்பா விஷயம் இல்லேன்னா ஓடுன்னு சொல்லியிருப்பேன்" என்றார் டாக்டர்.

மூன்று மாசம். தேர்வுக்கு ஐந்து வாரம். அடுத்த வருஷத் தேர்வுக்குள் அவன் 21 தாண்டிவிடுவான்.

பஸ்ஸில் யாரும் பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும், "ஓடித்தான் பாப்பேன், பத்திரத்துல கையெழுத்துப் போட்டுட்டா அவங்களுக்கே கவலையில்ல, உங்களுக்கு என்ன மாமா?" என்றான். பதில் சொல்லக்கூடிய கேள்வியாக எனக்குப் படவில்லை. அத்தான் ஒரு வார்த்தை பேசாமல் அவனுடைய ஓடுகிற ஷூவை எடுத்துப் பரணில் போட்டார். அவரையும் ஒரு எக்கோ எடுத்துக்கொள்ளும்படி டாக்டர் சொல்லியனுப்பியிருந்தார். "எனக்கென்ன, கல்லாட்டம் இருக்கேன்" என்றார், இன்றுவரை எடுத்துக்கொள்ளவில்லை.

அவன் ஓடவில்லை. மூன்று மாசம் கழித்து அளந்தார்கள். 11 மில்லிமீட்டர்.

பரிசோதனைகளைப் பற்றி உலகத்தில் நடக்கிற சர்ச்சையெல்லாம் இந்த 11க்குள் அடங்கிவிடும் என்று தோன்றுகிறது. இத்தாலியில் 1982 முதல் போட்டி விளையாட்டுக்காரர்கள் எல்லோருக்கும் ஈ.சி.ஜி. கட்டாயம்; திடீர்ச் சாவுகள் பத்தில் ஒன்றாகக் குறைந்தன என்று அங்கே ஒரு பிராந்தியத்துக் கணக்கு சொல்கிறது. இஸ்ரேலிலும் 1997இல் சட்டம் கொண்டுவந்தார்கள், அங்கே வித்தியாசம் எதுவும் தெரியவில்லை என்று இன்னொரு கணக்கு. இரண்டு கட்சியையும் படித்தேன். வியாதி இல்லாமலே நிறுத்தப்பட்டவன் மூன்று மாசம் கழித்து வீட்டில் எப்படி உட்கார்ந்திருப்பான் என்பதற்கு அவற்றில் ஒரு பத்தி கிடையாது.

11 என்று தெரிந்த அன்று அக்கா முனியப்பனுக்குப் பொங்கல் வைத்தாள். அவன் போகவில்லை. இப்போது திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கிறான். எனக்கு அவன் போன் செய்வது குறைந்துபோயிற்று. போன தீபாவளிக்கு வந்திருந்தபோது, மொட்டைமாடியில் நெடுநேரம் சும்மா நின்றுவிட்டு, "சித்தப்பாவுக்கு எத்தனை மில்லிமீட்டர் இருந்திருக்கும் மாமா?" என்று கேட்டான். கோபமாகக் கேட்கவில்லை. கீழே அத்தான் மூட்டையை முதுகில் ஏற்றிக்கொண்டு படியேறி வருகிற சத்தம் கேட்டது. இருவரும் அவர் மேலே வந்து சேரும்வரை பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தோம்.