தாளை விட்ட நாளிதழ்

லா பிரெஸ், கனடாவின் மொன்றியல் நகரின் பிரெஞ்சு மொழி நாளிதழ். 1884-இல் தொடங்கியது.
2013 ஏப்ரலில் ஐபேடுக்கென்றே 'லா பிரெஸ் பிளஸ்' வந்தது. இலவசம்.

இணையதளத்தை அப்படியே சின்னத் திரையில் ஒட்டிவைத்த வேலை இல்லை அது.
காலையில் அன்றைய இதழ் முழுசா இறங்கிடும். அப்புறம் இணையமே வேண்டாம். மெட்ரோ சுரங்கத்திலும் விரலால் தள்ளித் தள்ளிப் படிக்கலாம்.

2016 பிறந்ததும் வார நாள் அச்சு நின்றது.
2017 முடிவில் சனிக்கிழமைத் தாளும் போச்சு.

டொரொன்டோ ஸ்டார் நாளிதழும் இதே நுட்பத்தை வாங்கி 2015-இல் டேப்லெட் பதிப்பில் இறங்கியது. 2017-இல் அந்தப் பதிப்பு கடையைக் கட்டியது.

மொன்றியலில் டேப்லெட்டுக்கு எதிரி ஜனவரிதான்.
ஐபேடு இயங்க ஆப்பிள் சொல்லும் வெப்பநிலை 0 முதல் 35 டிகிரி செல்சியஸ். மைனஸ் 20-இல் பஸ் ஸ்டாப்பில் எடுத்தால் சார்ஜ் மளமளவென இறங்கும். கம்பளிக் கையுறை போட்ட விரலைத் திரை மதிக்கவே மதிக்காது.

அரை கிலோகூட இல்லாத பலகையைப் படிக்க, அதைவிடக் கனமான கோட்டைச் சுமக்கும் ஊர் இது!

கையுறையைக் கழற்றாமலே புரட்ட முடிந்தது பழைய தாளைத்தான். அதுக்கு ஒரு ஆப் வருமா மக்களே?