மைக்கூடும் கடுக்காயும்

விக்டோரியா அரசியார் காலத்துப் பித்தளை மைக்கூடுகளைத் தேடிச் சேர்ப்பது என் நெடுநாளைய வழக்கம். கண்ணாடிக் குப்பிகள் இரண்டு, எழுதுகோல் கிடத்தும் பள்ளம், ஈர மையின்மேல் மணல் தூவும் சிமிழ். இவ்வளவே அதன் அமைப்பு. சீமைச் சரக்கென்று பெருமை பேசுவோர் பலர். அதில் ஊற்றும் மையோ நம் மலைகளிலும் விளைந்தது.

ஜவ்வாது மலைவாசிகள் பொறுக்கும் கடுக்காய் தோல் பதனிட மட்டும் உதவுவதன்று. அதை இடித்துக் காய்ச்சி வடித்த சாற்றில் அன்னபேதியைக் கலந்தால், துவர்ப்புச் சத்தும் இரும்பும் கூடிக் கரிய மை பிறக்கும். எழுதும்போது வெளிறியிருப்பது காற்றுப்பட்டுக் கருக்கும், எளிதில் கலையாது. ஆயினும் அம்மையிலுள்ள அமிலம் தாளை மெல்ல அரிக்கும். ஈரம் பட்டால் விரைந்து அரிக்கும்.

என் பாட்டனாரின் மைக்கூடு பழுதின்றி இருக்கிறது. அவர் அரபுத் தமிழில் எழுதிய குறிப்பேட்டிலோ எஞ்சியவை நான்கு தாள்களே; அவற்றிலும் எழுத்திருந்த இடங்களில் துளைகள்!

துலக்கினால் பித்தளை மீண்டும் மின்னும். அழிந்த எழுத்து மீளாது. கூட்டுக்கு விலை பேசும் நாம் ஏட்டை எடைக்குப் போடலாமா? உங்கள் வீட்டுப் பழந்தாள்களை ஈரமற்ற இடத்தில் பேணுங்கள். படிக்கத் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே படியெடுத்து வையுங்கள்.