ஒரே ஒரு பிழை

கணினியின் வேகத்தைக் கூட்டுவது பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் எத்தனை மெகாஹெர்ட்ஸ் கூடிற்று என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். கூட்டிய வேகத்தில் அக்கணினி சரியாகக் கணக்கிடுகிறதா என்பதே அதனினும் பெரிய கேள்வி.

எனக்கு அக்கேள்வி முக்கியமானதற்குக் காரணம் உண்டு. மேலப்பாளையத்தில் எங்கள் வீட்டுக் கணினியில் இருப்பவை எங்களுடையவை மட்டும் அல்ல. உறவினர் வீட்டுத் திருமணக் காணொளிகளைத் தொகுத்துக் கொடுப்பது என் பொறுப்பு. மறைந்த பெரியவர்களின் புகைப்படங்களையும் பழைய வீட்டுப் பத்திரங்களின் நகல்களையும் பலர் என்னிடம் தந்து வைத்திருக்கிறார்கள். அவை யாவும் அமானிதம்.

அக்கணினி 2019இல் வெளிவந்த ரைசன் 5 3600 செயலியைக் கொண்டது. ஆனால் அதில் இருந்த ரேம் 8 ஜிபி அளவிலான ஒற்றைத் துண்டு, வேகம் 2400. காணொளித் தொகுப்பு ஊர்ந்தது. கல்லூரியில் படிக்கும் என் மகன், "வாப்பா, வேகமான ரேம் வாங்கிப் போட்டு, பிராசஸரையும் ஓவர்கிளாக் செய்துவிடலாம்" என்றான். அவன் விருப்பத்தை நான் மறுக்கவில்லை. ஒன்றன்பின் ஒன்றாகச் செய்வோம், ஒவ்வொன்றையும் சோதித்த பின்னரே அடுத்ததைத் தொடுவோம் என்று மட்டும் நிபந்தனை விதித்தேன்.

முதலில் ரேம். வேகத்துக்கு முன் கொள்ளளவைப் பார்க்க வேண்டும். ரேம் நிரம்பிவிட்டால் கணினி வட்டைத் துணைக்கு அழைக்கிறது. வட்டு எவ்வளவோ மெதுவானது. ஆகவே 16 ஜிபி தேவைப்பட்டது. அதை ஒரே துண்டாக வாங்காமல் 8 ஜிபி கொண்ட இரு துண்டுகளாக வாங்கினோம். இரண்டு துண்டுகள் இருந்தால் செயலி இரு வழிகளில் ஒரே நேரத்தில் தரவைப் பெறும். 2400 வேகமுள்ள ஒற்றைத் துண்டு நொடிக்கு அதிகபட்சம் 19.2 ஜிபி தரும். 3200 வேகமுள்ள இரு துண்டுகள் 51.2 ஜிபி தரும்.

அடுத்து, பெட்டியில் அச்சிட்டிருக்கும் பெரிய எண்ணைக் கண்டு மயங்கக் கூடாது. சிஎல் என்னும் எண்ணையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சிஎல் எண்ணை 2000ஆல் பெருக்கி வேகத்தால் வகுத்தால் தாமதம் நானோநொடியில் கிடைக்கும். 3200 வேகமும் சிஎல் 16உம் உடைய ரேமுக்கு அது 10; 3600 வேகமும் சிஎல் 18உம் உடையதற்கும் அதே 10தான். இச்செயலிக்கு ஏஎம்டி அறிவித்திருக்கும் ரேம் வேகம் 3200. எனவே 3200, சிஎல் 16 என்பதையே தேர்ந்தெடுத்தோம். பொருத்திய பின் பயாஸில் எக்ஸ்எம்பி அமைப்பை இயக்கினோம். அதைச் செய்யாவிட்டால் வேகமான ரேமும் குறைந்த வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். பலர் இதை அறியாமலே ஆண்டுக்கணக்கில் பயன்படுத்துகிறார்கள்.

மகனுக்கு அது போதவில்லை. அதே ரேமை 3600இல் ஓட்டிப் பார்க்க விரும்பினான். தரவு இருந்த வட்டின் இணைப்பைக் கழற்றி வைத்துவிட்டு, மெம்டெஸ்ட்86 சோதனையை இரவில் ஓடவிட்டோம். காலையில் திரையில் ஒரு பிழை பதிவாகியிருந்தது. "ஒரே ஒரு பிழைதானே வாப்பா? விண்டோஸ் நன்றாகத்தானே ஓடுகிறது?" என்றான்.

அங்கேதான் ஆபத்து இருக்கிறது. முடங்கிப்போகும் கணினி தன் குறையை அறிவித்துவிடுகிறது. ஓடிக்கொண்டே தவறு செய்யும் கணினி எதையும் சொல்வதில்லை. எங்கள் கணினியில் உள்ளது போன்ற சாதாரண ரேமில் பிழையைக் கண்டறிந்து திருத்தும் ஏற்பாடு கிடையாது. மாறிப்போன ஒரு பிட் அப்படியே வட்டில் எழுதப்படும். நாம் எடுக்கும் காப்புப் பிரதியிலும் அதுவே படியும். அந்த ஒரு பிழை யாருடைய புகைப்படத்தில் விழும் என்று முன்கூட்டி யாரால் சொல்ல முடியும்? இதைக் கேட்டதும் அவனே பயாஸைத் திறந்து 3200க்குத் திருப்பினான். மறு இரவுச் சோதனையில் பிழை ஏதும் இல்லை.

பிறகு செயலி. மின்னழுத்தத்தை 10 சதவீதம் உயர்த்தினால், அதே வேகத்திலும் செயலி செலவிடும் மின்திறன் ஏறத்தாழ 21 சதவீதம் கூடும்; அத்தனையும் வெப்பமாகும். இச்செயலியின் வெப்ப எல்லை 95 பாகை. அறையின் வெப்பம் 10 பாகை ஏறினால் செயலியின் வெப்பமும் ஏறக்குறைய அவ்வளவு ஏறும். ஆதலால் மார்கழி இரவில் தேறியது சித்திரை நண்பகலில் தேறும் என்பதற்கு உறுதி இல்லை. மேலும் இச்செயலி, வேலையைப் பொறுத்துத் தானாகவே 4.2 கிகாஹெர்ட்ஸ் வரை உயரக்கூடியது. எல்லாக் கருக்களையும் அதற்குக் கீழான ஒரே வேகத்தில் நிறுத்தினால், ஒற்றைக் கருவை நம்பிய வேலைகள் முன்னிலும் மெதுவாகும். ஓவர்கிளாக்கால் நேரும் சேதத்துக்கு உத்தரவாதமும் கிடைக்காது. இவற்றை எடைபோட்டு, செயலியைத் தொடாமல் நல்லதொரு குளிர்விப்பான் பொருத்தினோம். செயலி தன் உயர்ந்த வேகத்தில் முன்னைவிட நெடுநேரம் நிற்கிறது.

ஓவர்கிளாக் செய்ய விரும்புவோரை நான் தடுக்க மாட்டேன். சிறிது சிறிதாக உயர்த்துங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். கணினி எழாவிட்டால் பயாஸ் அமைப்புகளை அழித்து மீட்கும் முறையை முன்பே அறிந்துவைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் மெம்டெஸ்ட்86, பிரைம்95 போன்ற சோதனைகளை மணிக்கணக்கில் ஓடவிடுங்கள். ஒரு பிழை வந்தாலும் ஒரு படி இறங்கிவிடுங்கள். பிறர் நம்மை நம்பித் தந்த கோப்புகளை அதன் பிறகே அக்கணினியில் திறவுங்கள்.