நாமினி

ஆவடியிலும் அம்பத்தூரிலும் ஓய்வு என்பது தேதி போட்டு வரும். மாதத்தின் கடைசி நாளில் டேங்க் ஃபேக்டரியிலிருந்தோ எஸ்டேட் கம்பெனியிலிருந்தோ மாலையும் சால்வையுமாக ஒருவரை உடன் வேலை பார்த்தவர்கள் வேன் பிடித்து வீடுவரை கொண்டுவந்து விடுவார்கள். தெருவே வாசலுக்கு வந்து பார்க்கும். ஆரத்தி எடுப்பவர் அவருடைய மனைவி. தட்டைக் கீழே வைத்துவிட்டு நேராக உள்ளே போய், வந்தவர்களுக்குக் காபி கலப்பவரும் அவர்தான். மறுநாளிலிருந்து இருவரையும் ‘ஓய்வுபெற்ற தம்பதி’ என்கிறோம். அதில் ஓய்வு பெற்றவர் ஒருவர்தான். இன்னொருவருக்கு மூன்று வேளைச் சமையலோடு பதினொரு மணி டீயும் கூடிவிட்டது.

இத்தகைய தம்பதிகள் எங்கள் பக்கத்திலிருந்து நெடுந்தூரம் போகாமல் இல்லை. மகளுக்கோ மருமகளுக்கோ பிரசவம் என்றால் அமெரிக்கா போகிறார்கள். சுற்றுலா விசாவில் ஆறு மாதம் வரை இருக்கிறார்கள். அவர் காலையில் பூங்காவில் நடக்கிறார். அம்மா பத்தியச் சமையல் செய்து, குழந்தையைக் குளிப்பாட்டுகிறார். திரும்பி வந்தவரிடம் “ஊரெல்லாம் பார்த்தீங்களா?” என்று கேட்டால், “நயாகரா ஒருநாள் பார்த்தோம்” என்பார். மீதி நாட்களில் பார்த்தது வேறொரு அடுப்படி. அதனால்தானோ என்னவோ, சமையல் ஆளைக் கூட்டிப்போகும் காசி யாத்திரை பஸ்களுக்குப் பெண்களிடம் அவ்வளவு பிரியம். சாமி பார்ப்பது பாதி, யாரோ பரிமாறச் சாப்பிடுவது பாதி.

எங்கள் தெருவில் ஒருவர் ஓய்வுபெற்ற பணத்தில் பழைய டிராவலர் வேன் ஒன்றை வாங்கினார். பின் சீட்டுகளைக் கழற்றிவிட்டுப் படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி வைத்து, பூந்தமல்லி வழியாகப் போகும் பெங்களூர் சாலையைப் பிடித்து டெல்லி வரை போவது அவர் திட்டம். அது 48ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை. வேலூர், பெங்களூர், ஹூப்ளி, புனே, மும்பை, அகமதாபாத், ஜெய்ப்பூர் என்று ஏறத்தாழ 2,800 கிலோமீட்டர். காய்கறி வாங்கப் போகும்போதெல்லாம் நாம் குறுக்கே கடக்கிற சாலை அவ்வளவு தூரம் போகிறது என்பதையே அவர் சொல்லித்தான் யோசித்தேன்.

அவர் மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். வேனுக்குள் என்னென்ன வைப்பது என்ற பேச்சு ஒரு மாதம் ஓடியது. அவர் முதலில் வரைந்தது அடுப்பை. அக்கா முதலில் கேட்டது கழிப்பிடத்தை.

“பெட்ரோல் பங்க்லதான் இருக்குமே” என்றார் அவர்.

“எனக்கு இருக்காது. பூட்டியிருக்கும். இல்லன்னா உள்ள போக முடியாது. காலையில இருந்து தண்ணி குடிக்காம வர்றவளுக்குத்தான் தெரியும்” என்றார் அக்கா.

பேருந்தில் ஏறும் முன் தாகத்தை அடக்கப் பழகாத பெண் யார்? பயணம் என்று ஆண்கள் எழுதுவதில் மலையும் நதியும் வருகின்றன, சிறுநீர்ப்பை வருவதில்லை. கடைசியில் கழற்றிக் கழுவும் வகைக் கழிப்பிடம் ஒன்று வேனுக்குள் ஏறியது. அடுப்பும் இருந்தது. ஆனால் காலைக் காபி மட்டும்தான் அதில், மற்றதெல்லாம் வழியில் என்று முடிவானது. அடுக்களையைச் சக்கரத்தில் ஏற்றி இழுத்துப் போவதற்குப் பெயர் பயணம் இல்லை என்பது அக்காவின் கட்சி.

இதைக் கேட்டபோது வகுப்பில் நடத்துகிற நூல்கள் நினைவுக்கு வந்தன. கடல் கடக்கும் பயணத்தில் பெண்ணை உடன் அழைத்துச் செல்லும் வழக்கம் இல்லை என்கிறது தொல்காப்பிய அகத்திணையியல். தரைவழி வேறு. காஞ்சியில் இருந்த தொண்டைமான் இளந்திரையனிடம் வழிப்படுத்தும் பெரும்பாணாற்றுப்படையில் உப்பு வணிகரின் வண்டிகள் வருகின்றன. கோழி தங்கும் கூடு, காடிப் பானை, கட்டித் தொங்கவிட்ட சின்ன உரல் என்று ஒரு வீடே அந்த வண்டியில் போகிறது. மாடுகளை ஓட்டுபவள் கைக்குழந்தைக்காரி. ஆண்கள் பக்கத்தில் நடந்து வருகிறார்கள். பெண் ஓட்டினாள் என்று மாணவிகளுக்குப் பெருமையாகச் சொல்வேன். உடனே ஒருத்தி கேட்பாள்: “அப்போ அந்த உரலை யார் குத்தினா, மேடம்?” ஓட்டுநர் இடம் கிடைத்ததால் உரல் இறங்கிவிடவில்லை. இரண்டாயிரம் ஆண்டுக் கணக்கு அது.

இன்னொரு தம்பதியையும் சொல்ல வேண்டும். கொச்சியில் ஸ்ரீ பாலாஜி காபி ஹவுஸ் என்ற சின்னக் கடை நடத்திய விஜயனும் மோகனாவும். தினமும் சிறுதொகை சேர்த்து, போதாததற்குக் கடன் வாங்கிப் போய், திரும்பி வந்து கடையில் உழைத்து அடைத்து, மறுபடி கிளம்பினார்கள். 2007இல் தொடங்கி 26 நாடுகள் பார்த்தார்கள். 2021இல் ரஷ்யா போய் வந்த சில வாரங்களில், நவம்பரில், விஜயன் காலமானார். மனைவிக்கு உலகைச் சுற்றிக் காட்டிய கணவர் என்று இந்தக் கதையைப் பலரும் சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கு அது அப்படிப் படவில்லை. கடை இருவர் உழைப்பு, கடனும் இருவர் உழைப்பில் அடைந்தது. காசு யாருடையது என்பது தெளிவாக இருந்தால், யார் யாரைக் கூட்டிப் போனார் என்ற கேள்வியே எழாது.

எங்கள் தெரு வேனில் அந்தக் கேள்வி எழுந்தது. வண்டிப் பதிவில் நாமினி குறிப்பிட 2021 முதல் விதியில் இடம் உண்டு. “உன் பேரைப் போட்டாச்சு” என்று அவர் சந்தோஷமாகத்தான் வந்து சொன்னார். அக்கா சந்தோஷப்படவில்லை.

“எல்லாத்துலயும் நான் நாமினிதான். பி.எஃப்.ல நாமினி, பேங்க்ல நாமினி. ஃபேமிலி பென்ஷனும் அப்படித்தான். நீங்க போனப்புறம் எனக்கு வர்ற வண்டி எனக்கு வேணாம். நீங்க இருக்கறப்பவே நான் ஓட்டணும்.”

மத்திய அரசின் குடும்ப ஓய்வூதியம் பொதுவாகக் கடைசி அடிப்படைச் சம்பளத்தில் 30 விழுக்காடு. கணவர் இறந்தால்தான் அது மனைவி கைக்கு வரும். முப்பத்தைந்து ஆண்டுகள் அதிகாலையில் எழுந்து ஷிஃப்டுக்குச் சோறு கட்டியவளின் உழைப்புக்கு, அவள் தாலி இருக்கும்வரை எந்த ஏட்டிலும் அவள் பெயரில் ஒரு வரி இல்லை. ஒரு பெண்ணின் பொருளாதார வாழ்வை விதவைக் கோலத்தில் தொடங்கிவைக்கிற ஏற்பாடு இது. அந்த இரண்டு வாக்கியத்தில் அக்கா சொன்னதைச் சொல்ல எனக்கு ஒரு கட்டுரை தேவைப்படுகிறது.

மகனும் மகளும் எதிர்த்தார்கள். “இந்த வயசுல வண்டி ஓட்டக் கத்துக்கணுமா?” என்றான் மகன். “ரெண்டு மாசம் போயிட்டா பாப்பாவை யாரு பாத்துக்குவா?” என்றாள் மகள். மகளின் கேள்விதான் உண்மையான கேள்வி. அவளும் வேலைக்குப் போகிறவள், அவளுக்கும் வேறு வழி இல்லை. ஒரு பெண்ணின் சம்பளம் இன்னொரு பெண்ணின் சம்பளமில்லாத உழைப்பின்மேல் நிற்கிறது. என் வேலையும் என் ஆய்வுப் பட்டமும் அப்படித்தான் நின்றன. அக்கா மகளிடம் கோபப்படவில்லை. “ரெண்டு மாசம் காப்பகத்துல விடு, மாப்பிள்ளையை லீவு போடச் சொல்லு” என்றார். மாப்பிள்ளை என்ற பெயர் அந்தப் பேச்சில் வந்தது அப்போதுதான்.

ஐம்பத்தெட்டு வயதில் எல்.எல்.ஆர். வாங்கி, வெளிவட்டச் சாலை சர்வீஸ் ரோட்டில் ஓட்டிப் பழகினார். உரிமம் வந்த வாரம், பெயர் மாற்றத்துக்கான 29, 30ஆம் படிவங்களில் கணவர் கையெழுத்திட்டார். அவருக்கு வருத்தம் இருந்தது, மறைக்கவும் இல்லை. ஆனாலும் கையெழுத்திட்டார். பொங்கல் கழித்துக் கிளம்பினார்கள்.

அடுத்த வருடம் ‘அவருக்கு’ ரிட்டயர்மெண்ட் என்று தோழிகள் சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள். நான் வாழ்த்திவிட்டு இரண்டு கேள்வி கேட்கிறேன். உனக்கு எந்தத் தேதி? வண்டி யார் பெயரில்?